அம்மாவின் மேசைக்குள் இருந்த கடிதங்களைத் திரும்பக் கேட்கலாமா?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். அம்மா காலமாகி மூன்று மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தீர்கள். துணிமணிகளை ஏழு மூட்டைகளாகக் கட்டி, நன்கொடைப் பொருள் வாங்கும் ஒரு மையத்தில் சேர்த்தீர்கள். பழைய லேப்டாப் ஒன்றையும், அதிலிருந்த படங்களை அழித்துவிட்டு, துணிகளோடு கொடுத்தீர்கள். அம்மா எழுதப் பயன்படுத்திய மரமேசையை இணையத்தில் விளம்பரம் போட்டு முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றீர்கள். 11 நாள் கழித்து வந்த தங்கை, "அப்பா எழுதின கடிதமெல்லாம் எங்கே? அம்மா டிராயருக்குப் பின்னாலதானே ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தாங்க" என்று கேட்டபோதுதான் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் மோதிரம் ஒன்றும் காணவில்லை, அதுவும் ஏதோ ஒரு துணியோடு போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள். இதையெல்லாம் திரும்பக் கேட்க உரிமை இருக்கிறதா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது அசிங்கமாக இருக்காதா என்பது நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி. இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தயக்கத்தில்தான் நாள்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

நன்கொடையாக வரும் பொருள்களைப் பிரித்துத் தரம் பார்க்கும் வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். கொஞ்ச காலமாகப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். தவறிப்போனதைத் தேடி வருபவர்கள் அநேகமாக எல்லோருமே வாசலில் நின்று முதலில் மன்னிப்புத்தான் கேட்பார்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை. மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து, காது கேட்கும் கருவி, பல்செட், கடவுச்சீட்டு, குழந்தையின் முதல் பல்லை மடித்து வைத்த காகிதம் என்று ஏதாவது ஒன்று வராத வாரம் கிடையாது. பெரும்பாலானவற்றில் பெயரோ முகவரியோ இருக்காது. யாருடையது என்று தெரியாமல் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம், உரியவர் வந்து நின்றால் நிம்மதி. நீங்கள் துணியைக் கொடுத்தீர்கள், மேசையை விற்றீர்கள். கடிதத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கவனமில்லாமல் இருந்துவிட்டேன் என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொருளை ஒளித்து வைக்கிறவர், வீட்டில் மற்றவர்கள் எங்கே கை வைக்க மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்துதான் வைக்கிறார். பல வருடம் கழித்து அதே மற்றவர்கள்தான் அந்த வீட்டைக் காலி செய்கிறார்கள். அம்மா வைத்த இடம் உங்கள் கண்ணில் படாமல் போனதற்கு முதல் காரணம் அவர் நன்றாக வைத்திருந்தார் என்பதே. அதோடு, துக்கம் நடந்த வீட்டைக் காலி செய்யும்போது கை போகப்போக வேகம் பிடித்துவிடும். முதல் மூட்டைக்கு ஒவ்வொரு துணியாக எடுத்து, முகத்தில் வைத்துப் பார்த்து, மடிப்போம். ஐந்தாவது மூட்டைக்கு அடுக்கோடு தூக்கிப் போடுவோம். எங்கள் மேசைக்கு வரும் மூட்டைகளில் இது அப்படியே தெரியும். முதலில் கட்டியதில் சட்டைப் பைகள் வெளியே இழுத்துப் பார்த்தபடி இருக்கும், கடைசியில் கட்டியதில் கொக்கியில் தொங்கியபோது இருந்த பொத்தான்கூடக் கழற்றாமல் இருக்கும். உங்கள் ஏழில் எவை கடைசியாகக் கட்டியவை என்று நினைவிருந்தால் அதை மையத்தில் சொல்லுங்கள், தேடல் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

துணி போகும் வழி இது. வாங்கிய மூட்டை உடனே அவிழ்க்கப்படாது. வரத்து அதிகமுள்ள காலத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம்கூட அப்படியே அடுக்கியிருக்கும். உங்களுக்கு இப்போது பெரிய நம்பிக்கை இந்தத் தாமதம்தான். பிறகு பிரிப்பு மேசைக்கு வரும். ஒரு துணி ஒருவர் கையில் இருப்பது சில விநாடிகள். கிழிசல், கறை, ஜிப், காலர் இவற்றைப் பார்ப்போம். பைக்குள் கை விட வேண்டும் என்பது விதி. ஆனால் வெளிப்பையில் கை போவதுபோல உள்பையில் போவதில்லை. கோட்டின் பை கிழிந்து, லைனிங் துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே நழுவி அடிமடிப்பில் போய் உட்கார்ந்த மோதிரம் மேலோட்டமாகத் தடவுகிற கைக்குச் சிக்காது. அதற்கு அடிமடிப்பை விரலால் நசுக்கிக்கொண்டே முழுச் சுற்றும் வர வேண்டும். நல்ல துணி விற்பனைக்குப் போகும். விற்காததும் தரம் குறைந்ததும் எடைக்கு மொத்த வியாபாரியிடம் போகும். அங்கே அழுத்திப் பொதியாகக் கட்டுவார்கள். ஏற்றுமதிக்கான பொதி பெரும்பாலும் 45 கிலோ அளவில் இருக்கும். அந்தப் பொதிக்குள் போய்விட்டால் எந்தத் துணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. 11 நாள் என்பது கைவிட்டுவிட வேண்டிய கணக்கு இல்லை. ஆனால் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற காலமும் இல்லை. நேரில் போங்கள்.

போய் நின்றதும் மோதிரத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், மூட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். அப்பாவின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைப் பையில் அவர் கைப்பட எழுதிய கடைசிச் சீட்டு இருந்ததாம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை அன்று எங்களிடம் முப்பதுக்கு மேல் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். பேச்சுவாக்கில் அவர், மூட்டை கட்டக் கயிறு கிடைக்காமல் பழைய நீலத் தலையணை உறையைக் கிழித்துக் கட்டியதைச் சொன்னார். மூட்டை அவிழ்க்கிற பையன் உடனே எழுந்துவிட்டான். முந்தைய நாள் அந்த நீல முடிச்சை அவிழ்க்க முடியாமல் நகம் பிய்ந்தது அவனுக்கு நினைவிருந்தது, அந்தத் துணிகளை எந்தத் தொட்டியில் கொட்டினான் என்பதும் நினைவிருந்தது. முக்கால் மணி நேரத்தில் சட்டை கிடைத்தது. சீட்டில் மூன்று மருந்துகளின் பெயரும், கீழே "குடை மறக்காதே" என்ற வரியும் இருந்தன. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரிக்கிறவர்களுக்குத் துணி நினைவிருக்காது, முடிச்சு நினைவிருக்கும். அதனால் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதி, காலையா மாலையா, கையில் வாங்கியவர் எப்படி இருந்தார், மூட்டை துணியா பிளாஸ்டிக்கா, என்ன நிறம், எதால் கட்டினீர்கள், மேலே ஏதாவது எழுதினீர்களா, கூடவே லேப்டாப் கொடுத்தீர்களா.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கைப்பையின் உள் ஜிப்பில் பெயரில்லாத உறை ஒன்று இருந்தது. பிரித்தேன், மேலே பழைய ரசீதுகள் தெரிந்தன, கழிவுக் காகிதத்தோடு போட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து அதைத் தேடி ஒருவர் வந்தார். ரசீதுகளுக்கு நடுவே, இறந்துபோன தம்பியின் ஒரே புகைப்படம் இருந்திருக்கிறது. அந்த ரசீதுகளை நான் புரட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து காகிதம் எதுவானாலும் தேதி குறித்துப் பெட்டியில் போட்டு ஆறு மாதம் வைக்கிறோம். எல்லா இடத்திலும் இப்படி வைப்பார்கள் என்று உங்களுக்கு நான் உறுதி தர முடியாது. ஆகவே "மோதிரம் கிடைத்ததா" என்று கேட்டுவிட்டு, "இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். பைகளில் கிடைக்கிற பொருளை எங்கே வைப்பீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள், பதிவேடு உண்டா, பிரிக்கிறவர்களிடம் நான் ஒரு நிமிடம் பேசலாமா என்று கேளுங்கள். முன்மேசையில் இருப்பவருக்குப் பின்னறையில் நடப்பது பல நேரம் தெரியாது.

மேசை விஷயத்தில் எனக்கு நிறைய நம்பிக்கை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரியும், துணியைப் போலக் கலைந்துபோகாது. டிராயருக்குப் பின்னால் என்று தங்கை சொல்வதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். பல மரமேசைகளில் டிராயரின் பின்பலகை மேசையின் முதுகுப் பலகையைத் தொடாது, நடுவே சில விரல்கடை இடைவெளி இருக்கும். டிராயரை நிறைய அடைத்து மூடும்போது மேலே இருக்கும் காகிதம் பின்பலகையைத் தாண்டி அந்த இடைவெளியில் விழும், அல்லது வேண்டுமென்றே அங்கே செருகி வைப்பார்கள். டிராயரை முக்கால் பங்கு திறந்து பார்த்தாலும் தெரியாது. முழுதாக உருவி வெளியே வைத்து, டார்ச் அடித்து, முழங்கை வரை கையை விட்டு முதுகுப் பலகையைத் தடவினால்தான் அகப்படும். இன்னொன்று, தச்சரே செய்து வைத்த மறைவறை. ஒரு டிராயர் மற்றதைவிட நீளம் குறைவாக இருந்தால் அதன் பின்னால் இடம் இருக்கிறது. டிராயரை மேலிருந்து கீழாக வெளியே அளந்த ஆழத்துக்கும் உள்ளே அளந்த ஆழத்துக்கும் ஒரு பலகைத் தடிமனைவிட அதிக வித்தியாசம் வந்தால் அடிப்பலகை இரட்டை. டிராயரைக் கவிழ்த்து அடியையும் பார்க்க வேண்டும், உறையை அங்கே ஒட்டி வைக்கிறவர்கள் உண்டு. விளம்பரத்துக்கு எடுத்த படங்கள் உங்கள் போனில் இருக்குமே, பெரிதாக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு டிராயர் மட்டும் முழுதாக மூடாமல் துருத்திக்கொண்டு நின்றால், அதன் பின்னால் எதுவோ தடுக்கிறது.

வாங்கியவருக்கு எழுதும்போது அவர்மேல் சந்தேகப்படுவதாகத் தொனிக்கக் கூடாது, அவர் செய்ய வேண்டிய வேலையும் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "வணக்கம். சில நாளுக்கு முன் உங்களுக்கு மரமேசை விற்றது நாங்கள்தான். மேசை உங்களுடையது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. காலமான எங்கள் அம்மா சில குடும்பக் கடிதங்களை அதற்குள் வைத்திருந்தார் என்பது இப்போதுதான் தெரியவந்தது. டிராயர்களை முழுதாக உருவிப் பின்பக்கம் ஒருமுறை பார்க்க முடியுமா? சிரமம் என்றால், நீங்கள் சொல்கிற நேரத்தில் நாங்கள் வந்து உங்கள் முன்னாலேயே பார்த்துக்கொள்கிறோம். எதுவும் இல்லை என்றாலும் ஒரு வரி பதில் போட்டால் உதவியாக இருக்கும்." மேசை உங்களுடையது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். விற்றவர் மறுபடி தொடர்புகொள்கிறார் என்றதும் வாங்கியவர் நெஞ்சில் எழும் முதல் பயம், பொருளைத் திரும்பக் கேட்கப் போகிறார்களோ என்பதுதான்.

இப்போது உரிமை. நான் வழக்கறிஞர் இல்லை, வேலையின் காரணமாக இதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன், அவ்வளவே. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வருவது 1841-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான மெர்ரி எதிர் கிரீன் வழக்கு. ஏலத்தில் எழுத்துமேசை வாங்கிய ஒருவர் அதன் மறைவறையில் பணப்பையைக் கண்டு எடுத்துக்கொண்டார். மேசையை ஒப்படைத்ததால், உள்ளே இருப்பதே தெரியாத பணத்தையும் விற்றதாக ஆகாது என்றது நீதிமன்றம். உள்ளே இருப்பதும் சேர்த்தே வாங்கினோம் என்று நம்ப அவருக்கு நியாயமான காரணம் இருந்திருந்தால், எடுத்ததைத் திருட்டு என்று சொல்ல முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதற்கு எதிர்முனையில் நிற்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1981-இல் தந்த தீர்ப்பு. ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய இரும்புப் பெட்டியின் பூட்டிய உள்ளறையில் 32,207 டாலர் இருந்தது. உள்ளறை பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தே, எதையும் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளாமல் விற்றிருக்கிறார்கள், எனவே உள்ளே இருந்ததும் கைமாறிவிட்டது என்று வாங்கியவர்கள் பக்கம் முடிவானது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், விற்கும்போது இரு தரப்பும் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்கள் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். மேசை என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் நிலை வலுவானது. "உள்ளே இருப்பதோடு" என்பதுபோல ஒரு வார்த்தை இருந்தால் தளர்ந்துவிடும்.

குப்பையில் போட்டது வேறு கணக்கு. வேல்ஸில் ஜேம்ஸ் ஹோவெல்ஸ் என்பவரின், ஆயிரக்கணக்கான பிட்காயினுக்குச் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013-இல் குப்பைக்குப் போய், நியூபோர்ட் நகர மன்றத்தின் குப்பைக் கிடங்கில் புதைந்தது. தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கை 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முழு விசாரணைக்கு விடாமலேயே தள்ளியது. அங்குள்ள சட்டப்படி நகர மன்றத்திடம் சேர்ந்த கழிவு நகர மன்றத்துக்கே சொந்தம். உங்கள் பொருள் எதுவும் குப்பைக்குப் போகவில்லை என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. மையத்தில் கழித்துப் போடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு என்பது. மறுத்தால் நீதிமன்றத்தில் ஜெயிப்பீர்களா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை அந்த ஊர் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். கடிதங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. குடும்பக் கடிதத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்ற ஒருவரை இந்த 19 வருடத்தில் நான் பார்த்ததில்லை. நகைக்கும் பணத்துக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

லேப்டாப் விஷயத்தில் நீங்கள் இரண்டு எதிரெதிர் ஆசைகளை எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் படங்களை வேறு யாரும் பார்க்கக் கூடாது, ஆனால் உங்களுக்குத் திரும்ப வேண்டும். சுழலுகிற ஹார்ட் டிஸ்க் என்றால், அழித்த படம் அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கைமாறிய 158 ஹார்ட் டிஸ்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் எழுதினார்கள். ஓடிய 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. ஆகவே பயமும் நியாயம், நம்பிக்கையும் நியாயம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் உள்ள லேப்டாப் என்றால், அழித்த இடத்தை டிரிம் என்ற வசதி சீக்கிரமே காலி செய்துவிடும், மீட்பது பெரும்பாலும் நடக்காது. மையத்தில் "இன்னும் திறந்து பார்க்கவில்லை என்றால் தயவுசெய்து ஆன் செய்யாமல் தனியே எடுத்து வையுங்கள்" என்று சொல்லுங்கள், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே புதிதாக எதையாவது எழுதும். அம்மாவின் கணக்குகளின் கடவுச்சொற்களை இன்றே மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். தொலைவிலிருந்து முழுதாக அழிக்கும் வசதி இருந்தாலும், வேறெங்கும் பிரதி இருக்கிறதா என்று பார்க்காமல் அதை அமுக்காதீர்கள். கணினியை ஏற்கெனவே துடைத்து வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் படங்கள் போயின, யாராவது பார்ப்பார்கள் என்ற பயமும் அதோடு போனது.

மோதிரம் துணியோடு போனது என்பதற்கு நீங்கள் தந்திருக்கும் ஒரே ஆதாரம், வீட்டில் இல்லை என்பது. எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. அம்மா கடைசி நாள்களில் மருத்துவமனையில் இருந்திருந்தால், விரல் வீங்கும்போது மோதிரத்தைக் கழற்றி ஒரு சிறு உறையில் போட்டு வீட்டாரிடம் தருவார்கள். அந்த உறை மருந்துச் சீட்டுகளோடும் எக்ஸ்ரே கவர்களோடும் சேர்ந்து வீடு வந்து, யாரும் பிரிக்காமல் இருப்பதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். மருத்துவக் காகிதங்களை ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். மூட்டைகளை ஏற்றிச் சென்ற வண்டியின் இருக்கை இடுக்கையும் பாருங்கள். பொதுவில் அறிவிப்புப் போடுவதானால் மோதிரத்தின் உள்பக்கம் இருக்கும் எழுத்தையோ கீறலையோ எழுதாதீர்கள், அது தெரிகிற படத்தையும் போடாதீர்கள். கிடைத்தது, அனுப்பும் செலவுக்குப் பணம் போடுங்கள் என்று நிச்சயம் யாராவது வருவார்கள். உள்பக்கம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், சொல்லத் தெரியாதவருக்கு மேற்கொண்டு பதில் எழுத வேண்டாம்.

கடிதங்கள் கிடைத்தால் ஒன்று. வருடக்கணக்காகக் கட்டிக் கிடந்த ரப்பர் பேண்டு இளகிக் காகிதத்தோடு ஒட்டியிருக்கும், இல்லையென்றால் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். ஆசையில் இழுத்துவிடாதீர்கள், மேல் கடிதத்தின் எழுத்தும் அதோடு வந்துவிடும். கத்தரிக்கோலால் ஒட்டாத பக்கம் வெட்டி, ஒட்டிய பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அடுக்கின் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். மேசை வாங்கியவருக்கும் செய்தியில் இதைச் சேர்த்து எழுதுங்கள்: கட்டு கிடைத்தால் பிரிக்க வேண்டாம், அப்படியே எடுத்து வையுங்கள், நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று.